மாமாவின் நீலம்

வாசக் கதவுக்குப் பக்கத்துல ஒரு பை நிக்குது. ஜிப்பை இழுத்து மூடி, மேல ஒரு துண்டை மடிச்சு வச்சு, பயணத்துக்குத் தயாரா. என் மாமியாரோட பை. இன்னிக்குச் சாயந்திரம் அவங்க தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறாங்க. எப்போ திரும்பி வருவீங்கன்னு கேட்டா பதில் கிடையாது. ஏன் போறீங்கன்னு கேட்டா மட்டும் பதில் உண்டு. என்னாலதானாம்.

நான் ஒண்ணும் பண்ணலைங்க. போன வாரமே உங்ககிட்ட தலையில அடிச்சுக்காத குறையாச் சொன்னேன். போன வாரம் கதை கேக்க வராதவங்களுக்காக இன்னொரு தடவை சொல்லிடறேன். எனக்கும் பாரம் குறையும்.

என் மாமனார் கொத்தனார். போன வருஷம் தவறிட்டாரு. அவரும் அத்தையும் ஒரே வேதாகம ஆப்பை ஒரே லாகின் கணக்குல படிச்சவங்க. அவர் கட்டில்ல சாய்ஞ்சுக்கிட்டு, டேப்ல பெரிய எழுத்து வச்சுப் படிப்பாரு. இவங்க ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை முடிஞ்சு வந்து, போன்ல படிப்பாங்க. ஆளுக்கொரு கணக்கு வச்சுக்கோங்கன்னு என் கொழுந்தன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மாமா கேக்கலை. "கல்யாணத்தையே சேர்ந்துதான் பண்ணிக்கிட்டோம், கணக்கு மட்டும் எதுக்குடா தனித்தனியா"ன்னுட்டாரு.

அதனால அவர் ஒரு வசனத்துக்கு நிறம் போட்டா இவங்களுக்குத் தெரியும். இவங்க போட்டா அவருக்குத் தெரியும். இவங்களுக்கு மஞ்சள், அவருக்கு நீலம். அத்தை ஆண்டவர் கொடுத்த வாக்குத்தத்தம், ஜெபம்னு மனசைத் தொடற வரிக்கெல்லாம் மஞ்சள் பூசுவாங்க. மாமா ரூட்டே வேற. வேதத்துல எவனாவது கையால வேலை செஞ்சான்னு வந்தா அங்க நீலம். செங்கல் அறுத்தவன், வாசல் காத்தவன், சட்டியில பலகாரம் சுட்டவன். "இவனும் நம்ம ஆளு"ம்பாரு.

மாமா போனாரு. நீலமும் நின்னுபோச்சு. டேப் கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. மாமாவோட செல் நம்பரையும் ரத்து பண்ணிட்டேன்னாரு. அத்தையோட பழைய நம்பருக்குத் துக்கம் விசாரிச்சு போன் வந்துக்கிட்டே இருக்கு, அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்கன்னு, அவங்களுக்குப் புது போன், புது நம்பர் வாங்கிக் கொடுத்தாரு. நல்ல பிள்ளைன்னு நானே மெச்சிக்கிட்டேன்.

இப்போ கொஞ்ச நாளா அத்தை ஆப்பைத் திறந்தா, நீலம் வருது. மாமா போட மாட்டாரு. அத்தை போடலை. அப்போ யாரு?

இதுல நான் எங்க வந்தேன்னு கேப்பீங்க. பிளீச்சிங் தண்ணியில கையை விட்டு விட்டு அத்தைக்கு விரல் ரேகையே தேய்ஞ்சுபோச்சு. போன் அவங்க விரலை ஏத்துக்காது. நம்பர் போட்டுத்தான் திறக்கணும், அதுவும் சமயத்துல மறந்துபோகும். அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு என் விரலையும் அதுல பதிஞ்சு வச்சேன். உதவி பண்ணப் போன லட்சணம் இது. போதாக்குறைக்கு ஒருநாள் அத்தை நீலத்தைத் தடவித் தடவி அழுதப்போ, "எல்லாத்தையும் மஞ்சளா மாத்திடுங்க அத்தை, பார்க்கப் பார்க்க அழுகைதானே வருது"ன்னு சொல்லித் தொலைச்சேன். அது அவங்க மனசுல முள்ளாத் தைச்சிருக்கு.

"செத்த மனுஷன் நிறத்தை வச்சு விளையாடறா. இந்த வீட்டுல என் போனைத் திறக்கற விரல் ஒண்ணே ஒண்ணுதான்"னு அத்தை சொன்னாங்களே, அந்த இடத்துலதான் போன வாரம் நிறுத்தினோம்.

இன்னிக்குக் காலையில எங்கிட்ட நேராப் பேசலை. நான் ஒரு கை தூரத்துல நிக்கறேன். பேச்செல்லாம் என் வீட்டுக்காரர்கிட்ட.

"அவகிட்ட சொல்லு, டப்பா மூடி சரியா உக்காரலை, குழம்பு பையில கொட்டும்."

"அம்மா சொல்றது காதுல விழுந்துச்சா?" என்றாரு அவர்.

"எனக்குக் காது நல்லாவே கேக்குதுங்க. அத்தை, ஆண்டவர் மேல சத்தியமா நான் உங்க ஆப்பைத் தொடலை."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு அதே வேதத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்றாங்க அத்தை, சுவத்தைப் பார்த்து.

பாஸ்வேர்டை மாத்திட்டா யாரு நோண்டறாங்கன்னு தெரிஞ்சிடும்னு போன வாரமே நான் யோசனை சொன்னேன். மாத்தணும்னா மாமா நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகும், அந்த நம்பரே இல்லைங்கறப்போ எப்படி மாத்தறதுன்னு என் வீட்டுக்காரர் கையை விரிச்சுட்டாரு. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதை எடுத்தாலும் எது எதோட இணைஞ்சிருக்குன்னு பார்க்கற ஆளு. அவர் முடியாதுன்னா முடியாதுதான்னு நாங்களும் விட்டுட்டோம்.

ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துச்சு. பெத்த தாய் பையைக் கட்டிட்டாங்க. ஒரு பிள்ளை என்ன பண்ணணும்? போகாதேம்மான்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? இவர் பையைத் தூக்கிப் பார்த்து, "ரொம்பக் கனமில்லை, சாயந்திரம் சீக்கிரமே வந்து கொண்டுபோய் விட்டுடறேன்"ங்கறாரு. பொண்டாட்டி மேல பழி விழுது, அதுக்கும் ஒரு வார்த்தை இல்லை. டூல் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு கிளம்பிட்டாரு. அந்தப் பையை இப்பல்லாம் வீட்டுக்குள்ள வச்சாலும் பூட்டுப் போட்டுத்தான் வைக்கறாரு. ஸ்பேனர் விலை ஏறிப்போச்சாம்.

எனக்கு வேலை பார்சல் ஆபீஸ்ல. வர்ற பார்சலை ஸ்கேன் பண்ணி, போக வேண்டிய திசைக்குப் பிரிச்சு அனுப்பறது. இன்னிக்குக் கை வேலை பார்த்துச்சு, மனசு வாசல்ல நின்ன பையையே சுத்திக்கிட்டு இருந்துச்சு. அத்தை போயிட்டா ஊர் என்ன பேசும்? மாமனார் செத்து வருஷம் திரும்பறதுக்குள்ள மாமியாரைத் துரத்திட்டான்னு பேசும். ஊர் கிடக்கட்டும். கல்யாணமாகி வந்த புதுசுல எனக்குக் காய்ச்சல்னு பக்கத்துலயே உக்காந்து ஈரத்துணி மாத்தினவங்க, இன்னிக்கு என் விரலைத் திருடன் விரலாப் பார்க்கறாங்க. அதுதான் எனக்குத் தாங்கலை.

அந்த நேரத்துல ஸ்கேனர் ஒரு மாதிரி கத்துச்சு.

பார்த்தா, ஒரு சின்னப் பெட்டி. கம்ப்யூட்டர்ல போன மாசமே "உடைந்தது, அகற்றப்பட்டது"ன்னு முடிச்சிருக்காங்க. பெட்டி என்னடான்னா என் முன்னாடி முழுசா உக்காந்திருக்கு. எங்க ஆபீஸ்ல இதுக்குச் செத்த பார்சல்னு பேரு. யாரோ ஒருத்தர் தேட சோம்பல்பட்டு, உடைஞ்சுபோச்சுன்னு எழுதி முடிச்சிருப்பாங்க. அது வேற எங்கயோ சுத்திக்கிட்டு இருக்கும்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தாங்க. "ஸ்கேன் ஆகுதுன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம். எழுதினவன் வாயை நம்பாதே, மிஷினை நம்பு."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

டேப் உடைஞ்சதை நான் பார்க்கலை. அத்தை பார்க்கலை. தூக்கிப் போட்டதையும் யாரும் பார்க்கலை. உடைஞ்சுபோச்சுன்னு ஒரு வாய் சொன்னதுதான். நீலம் வருதுன்னா டேப் எங்கயோ உயிரோட இருக்கு.

அரைநாள் லீவு சொல்லிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

லாண்டரி பின்கட்டுல இருக்கு. உள்ள போனாலே மூஞ்சியில ஆவி அடிக்கும், மருந்து வாடையும் சோப்பு வாடையும் சேர்ந்து மூக்கை அரிக்கும். அத்தை ஒரு போர்வையோட ரெண்டு முனையைப் பிடிச்சு மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் கை நின்னுச்சு.

"எதுக்கு வந்தே?"

கோவத்துலயாவது நேராப் பேசினாங்களே, அதுவே பெரிசுன்னு நினைச்சுக்கிட்டேன்.

"போன் எங்க அத்தை?"

"லாக்கர்ல. சாவி என் இடுப்புல."

"காலையில இருந்து நான் அதைத் தொட்டேனா?"

"தொடலை. தொட்டா விடுவேனா?"

"சரி. எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. நான் கையைப் பின்னாடி கட்டிக்கறேன்."

பைத்தியத்தைப் பார்க்கற மாதிரி ஒரு பார்வை பார்த்துட்டு, மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வந்தாங்க. வெளிய அழுக்குத் துணி வண்டிங்க நிக்கற இடத்துல ஒரு பெஞ்சு. அதுல உக்காந்தோம். நான் நிஜமாவே கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன்.

"மாமா கடைசியா எந்த இடத்துல நிறுத்தினாரு?"

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"நாளாகமத்துல. வாசல் காவல்காரங்க பேரெல்லாம் வருமே, அங்க" என்றாங்க. குரல் கொஞ்சம் இறங்குச்சு.

"அதுக்கப்புறம் வந்த நீலத்தையெல்லாம் வரிசையாப் பாருங்க. கண்ட இடத்துல கிடக்கா, வரிசையா வருதா?"

அத்தை கண்ணாடியை ஏத்திக்கிட்டுத் தள்ளிப் பார்த்தாங்க. இதுவரைக்கும் அவங்க நீலத்தைப் பார்த்தாங்க, எரிஞ்சாங்க, மூடினாங்க. வரிசையை யாரு பார்த்தது? நாளாகமத்துல மாமா விட்ட இடத்துக்கு அடுத்த அதிகாரம். அதுக்கடுத்தது. அப்புறம் அடுத்த புஸ்தகம், எஸ்றா. கல் தச்சன் வர்ற இடம், தச்சன் வர்ற இடம். எதுவும் குத்தலாப் பேசற வசனமில்லை. எல்லாம் வேலைக்காரன். இப்போ நெகேமியா ஆரம்பிச்சு ரெண்டாவது அதிகாரத்துல நிக்குது.

"யாரோ மாமா விட்ட இடத்துல இருந்து அவருக்குப் பதிலாப் படிச்சுக்கிட்டு வர்றாங்க அத்தை. நம்ம ஆளுன்னு சொல்லிச் சொல்லி நீலம் போடறாங்க. கடைசியில மாமாவுக்குக் கண்ணு மங்கிடுச்சே, அப்போ யாரு வாசிச்சுக் காட்டினது? நானா? எனக்கு அந்த யூதப் பேரெல்லாம் வாயில நுழையுமா?"

அத்தை போனையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"சின்னவனுக்கும் நுழையாது" என்றாங்க. "அடுத்த நாள் அதிகாரத்தை முதல்நாளே ஆடியோவுல போட்டு, காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டுப் பழகுவான். அப்பா முன்னாடி தடுமாறக் கூடாதுன்னு. அன்னிக்கும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தான்."

அன்னிக்குன்னா மாமா குளியலறையில வழுக்கி விழுந்து தவறின அன்னிக்கு. காதுல ஒயரை மாட்டிக்கிட்டுப் பாட்டுக் கேட்டியே, அப்பா கூப்பிட்டது கேக்கலையேடான்னு என் வீட்டுக்காரர் கத்தினதும், சின்னவன், அதான் என் கொழுந்தன், ஒரு வார்த்தை பேசாம வீட்டை விட்டுப் போனதும் உங்களுக்குத்தான் தெரியுமே. போனவன் போன் நம்பரும் வேலை செய்யலை.

"உங்க பெரிய பிள்ளைகிட்ட நீங்க இதைச் சொல்லலையா?"

"சொன்னேன். அவன் காதுலயே போட்டுக்கலை."

உள்ள சாப்பாட்டுக்கு மணி அடிச்சுது. அத்தை எழுந்திருக்கலை. நெகேமியா மூணாம் அதிகாரத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, புதுசா ஏதாவது வந்திருக்கான்னு நிமிஷத்துக்கொரு தரம் பக்கத்தைக் கீழ இழுத்து இழுத்து விட்டாங்க. அந்த அதிகாரத்தை நான் அப்போதான் படிச்சேன். இடிஞ்ச மதிலை யாரு யாரு எந்தெந்தப் பக்கம் கட்டினாங்கன்னு முழுக்கப் பேருதான். கொத்தனார் படிச்சிருந்தா அதிகாரம் பூரா நீலமாயிருக்கும். பாவம், அவர் இங்க வந்து சேரவே இல்லை.

"வராது" என்றாங்க அத்தை. "நீ சும்மா ஏதோ கதை கட்டறே."

அப்போ வந்துச்சு. அவங்க விரல் திரையை விட்டு விலகித்தான் இருந்துச்சு. என் கை பின்னாடி. தைலக்காரன் ஒருத்தன் மதில் கட்டினான்னு வர்ற வரி, வெள்ளையா இருந்தது, பக்கத்தை இழுத்து விட்டதும் நீலமா நின்னுச்சு.

அத்தை வாயைப் பொத்திக்கிட்டாங்க. அழுவாங்கன்னு பார்த்தேன். அழலை. என் பக்கம் திரும்பினாங்க.

"கையை முன்னாடி எடு. வலிக்கப் போகுது."

மன்னிப்புன்னு தனியா ஒண்ணும் கேக்கலை. எனக்கு இது போதும்னு இருந்துச்சு.

"அத்தை, நீங்க ஒரு மஞ்சள் போடுங்க. அவன் இப்போ இதே பக்கத்துலதான் இருக்கான், பார்ப்பான். அந்தக் காணாமப் போன மகன் கதை வருமே, சுவிசேஷத்துல, அதுக்குப் போடுங்க."

அத்தை முறைச்சாங்க பாருங்க. "அதுல வர்றவன் ஊதாரி. என் பிள்ளை ஊதாரியா? அந்தப் பக்கத்தை நான் தொட மாட்டேன்."

மெல்லத் தள்ளிக்கிட்டே போனாங்க. அதிகாரம் முடியற பக்கமா ஒரு வரி. கோயில் ஆசாரியருங்க அவங்கவங்க வீட்டுக்கு எதிர இருந்த மதிலை அவங்கவங்களே கட்டினாங்கன்னு வரும். அதுக்கு மஞ்சள் போட்டாங்க.

ஆப்புல ஒரு வரிக்கு ஒரு நிறம்தான். வேற நிறம் மேல விழுந்தா பழசு போயிடும். நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தோம். வண்டி தள்ளறவர் வந்து, "என்ன ஆத்தா, ரிசல்ட் பார்க்கறீங்களா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அத்தை பக்கத்தை இழுத்து விட்டாங்க. மஞ்சள் நீலமாயிடுச்சு.

"பார்த்துட்டான்" என்றாங்க அத்தை. அப்போதான் அழுதாங்க.

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். லிஃப்ட் ஏதோ மேல போற சத்தம் கேட்டுச்சு.

"என்னங்க, நீலம் போடறது நான் இல்லை. உங்க தம்பிங்க. டேப் அவன்கிட்டதான் இருக்கு."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றாரு.

தம்பி எப்படி இருக்கான்னு கேக்கலை. எங்க இருக்கான்னு கேக்கலை. உடைஞ்ச டேப் எப்படி அவன்கிட்டன்னு ஆச்சரியப்படக்கூட இல்லை. அம்மாகிட்ட சொல்லிட்டியாங்கறாரு.

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க."

"சரி. அவசரப்பட்டு அதுல எதுவும் எழுதாதீங்க. சாயந்திரம் பேசிக்கலாம்."

வச்சுட்டாரு. அத்தைகிட்ட நான் இதைச் சொல்லலை.

சாயந்திரம் ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். வசனத்துக்குக் கீழ குறிப்பு எழுத ஆப்புல இடம் இருக்குன்னு நான் சொன்னதுல இருந்து அத்தைக்கு நடையே இல்லை. நாலு அடி வைப்பாங்க, நின்னு ஒரு எழுத்து அடிப்பாங்க. எழுதாதீங்கன்னு அவர் சொன்னது என் காதுல குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் தடுக்கலை.

"சாப்பிட்டியான்னு எழுதினேன். அழிச்சுட்டேன்" என்றாங்க. "வேதத்துக்குள்ள எழுதற விஷயமா இது?"

"எழுதுங்க அத்தை. ஆண்டவர் கோச்சுக்க மாட்டாரு."

மறுபடி எழுதினாங்க. எங்கிட்டக் காட்டினாங்க. சாப்பிட்டியா. வீட்டுக்கு வா. அழுக்குத் துணியெல்லாம் சேர்த்து எடுத்துட்டு வா. இதான் என் புது நம்பர்.

நம்பரைப் பார்த்துப் பார்த்து அடிச்சாங்க. வீட்டு வாசப்படியில கால் வைக்கறப்போ சேமிக்கற பொத்தானை அமுக்கினாங்க.

திரை வெள்ளையாச்சு. மீண்டும் உள்நுழையவும்னு வந்துச்சு.

பழைய பாஸ்வேர்டைப் போட்டோம். தப்புன்னுச்சு. மறுபடி போட்டோம். மறுபடியும் தப்பு. எழுதினது மொத்தமும் போச்சு. அத்தை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, பின்னாடி எங்கயாவது ஒட்டியிருக்குமாங்கற மாதிரி.

கதவு திறந்துதான் இருந்துச்சு. என் வீட்டுக்காரர் எங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காரு. அத்தையோட பைக்குப் பக்கத்துல அவரோட டூல் பை.

"கிளம்பலாமாம்மா? சித்தி காத்துக்கிட்டு இருப்பாங்க."

"ஆப் திறக்க மாட்டேங்குது பெரியவனே."

"நான்தான் பாஸ்வேர்டை மாத்தினேன்" என்றாரு, தண்ணி எடுத்துக் குடிச்சுக்கிட்டே. "எல்லா இடத்துலயும் லாக் அவுட் பண்ணிட்டேன். யாரோ நோண்டறாங்கன்னு நீதானேம்மா புலம்பினே."

"தம்பிதான்னு மத்தியானம் சொன்னேனே" என்றேன் நான்.

"நீ நினைச்சா ஆச்சா? எவனாவது டேப்பைத் திருடி வச்சிருந்தா? சேஃப்டி பார்க்க வேண்டாமா?"

அத்தை அப்படியே சுவரோரமாச் சாய்ஞ்சாங்க. இருந்த ஒரே வழி அது. ஒரு நீலக் கோடு. அதையும் அறுத்தாச்சு. அங்க அந்தப் பிள்ளை இப்போ டேப்பைத் திறப்பான், உள்ள விடாது. அம்மாதான் வெளிய தள்ளிட்டாங்கன்னு நினைச்சுப்பான்.

அப்போதான் எனக்கு இன்னொண்ணு தோணுச்சு.

"என்னங்க, ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வந்துச்சு?"

டம்ளர் வாய்க்கிட்டப் போனது நின்னுச்சு.

"என்ன?"

"பாஸ்வேர்டை மாத்தினா மாமா நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க. அந்த நம்பர்தான் இல்லைன்னும் நீங்கதானே சொன்னீங்க. அப்போ இன்னிக்கு எப்படி மாத்தினீங்க?"

"அது... வேற வழி இருக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க."

"இப்போ அதுவா முக்கியம்? அம்மாவுக்கு நேரமாகுது, கிளம்புங்க."

அத்தை எங்க ரெண்டு பேரையும் பார்க்கலை. போன்ல நம்பர் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. யாரையும் கேக்கலை, எங்கயும் பார்க்கலை. பூட்டு நம்பரையே மறக்கறவங்க, இதை மட்டும் தடுமாறாம அடிச்சாங்க. அது மாமாவோட நம்பர். ரத்து பண்ணியாச்சுன்னு மகன் சொன்ன நாள்ல இருந்து ஒரு தடவைகூட அவங்க அடிச்சுப் பார்க்காத நம்பர்.

காதுல வச்சுக்கிட்டு நின்னாங்க.

வாசல்ல டூல் பைக்குள்ள மணி அடிச்சுது.

மாமாவுக்குக் காது மந்தம். தெருமுனை வரைக்கும் கேக்கற மாதிரி ஒரு மணியை வச்சிருப்பாரு, நாங்க எல்லாரும் திட்டுவோம். அதே மணி. ஸ்பேனருங்க நடுவுல கிடந்து கணகணன்னு அடிக்குது. இத்தனை நாள் சத்தத்தை அடக்கி வச்சிருந்தவர், இன்னிக்கு ஓ.டி.பி. பார்க்க எடுத்தப்போ மறந்துட்டாரு போல.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு" என்றாரு என் வீட்டுக்காரர்.

அத்தை காதுல இருந்து போனை எடுக்கவே இல்லை. அடிக்கட்டும்னு விட்டுட்டு நேரா டூல் பைகிட்டப் போனாங்க. அவசரத்துல வந்தவர் பூட்டைச் சரியா அமுக்கலை போல, இழுத்ததும் கையோட வந்துச்சு. கிரீஸ் துணிக்குள்ள சுத்தி வச்சிருந்த மாமாவோட பழைய போனை எடுத்தாங்க. அப்புறம்தான் தன் போனை அமுக்கினாங்க. மணி நின்னுச்சு.

மாமா தன் போனுக்குப் பூட்டே போட்டதில்லை, வந்த அழைப்புகளைத் திறந்து பார்த்தாங்க. நான் தோள் வழியா எட்டிப் பார்த்தேன். மேல அத்தையோட புது நம்பர். அதுக்குக் கீழ பேரில்லாத ஒரு நம்பர். அதுக்குக் கீழயும் அதே. தள்ளத் தள்ள, கீழ கீழ, அதே நம்பர்தான். எல்லாம் சிவப்புல, எடுக்காத அழைப்புங்க.

அந்தப் பேரில்லாத நம்பர்ல மேல இருந்தது மட்டும் சிவப்பில்லை. இன்னிக்கு மத்தியானம் வந்தது. எடுத்துப் பேசியிருக்காரு.

"அது யாருன்னா..." என்றாரு என் வீட்டுக்காரர்.

"யாருன்னு நான் கேக்கலைடா" என்றாங்க அத்தை. "அவன்கிட்ட நீ என்ன சொன்னேன்னு கேக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தாரு. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தன் பையை வாசல்ல இருந்து உள்ள இழுத்துப் போட்டு, கதவைச் சாத்தி, அந்தப் பை மேலயே உக்காந்துக்கிட்டாங்க.

"நிதானமாச் சொல்லு. நான் எங்கயும் போகலை."